அடுத்த சொட்டுக்கு முன்

உங்கள் டிராப்பரின் ரப்பர் குமிழ் இளகிப்போயிருந்தது. முதலில் எடுத்துப் பார்த்தபோது விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாடை போகவில்லை. கண்ணாடிக் குழாய் மட்டும் நீங்கள் வைத்தபடியே இருந்தது. நுனியில் ஒரு சின்ன உடைசல், அதுவும் பழையதுதான். குளியலறை அலமாரியில், உங்கள் சவரப் பெட்டிக்குள், நீங்கள் போன நாளிலிருந்து அது அங்கேயே படுத்திருந்தது. உங்கள் நினைவு வந்து நான் அதைத் தேடவில்லை. நினைவு வருவதற்கு எனக்கு டிராப்பர் வேண்டியதில்லை. நஸ்ரீன் வந்து கேட்டாள், அதனால் எடுத்தேன்.

நஸ்ரீனை உங்களுக்கு மறந்திருக்காது. நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் என்னிடம் படித்தவள். இப்போது அதே பள்ளியில் என் இடத்தில் அறிவியல் ஆசிரியை. தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாள். வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றி, எனக்கு ஸலாம் சொல்லி, உங்கள் படத்தின் முன் போய் நின்றாள். எனக்கு ஒரு நொடி. உங்கள் படத்துக்கு அதைவிட அதிகம்.

"டீச்சர், ஸ்கூல்ல புதுசா சயின்ஸ் ரூம் கட்டியிருக்கோம். சார் போட்டோ ஒண்ணு மாட்டலாம்னு இருக்கோம். கீழ ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுல சாரோட டிராப்பர வைக்கலாம்னு ஆசை. இருக்குதா டீச்சர்?"

"இருக்கும்."

"திறப்பு விழாவுக்கு நீங்க கண்டிப்பா வரணும். மேடையில உங்கள உக்கார வைக்கணும்னு எச்.எம். சொல்லிட்டாங்க."

"என்னன்னு சொல்லி உட்கார வைப்பீங்க?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "சாரோட வைஃப்னுதான், டீச்சர்."

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது என் முடி முழுக்கக் கறுப்பு. ஓய்வு பெற்றபோது முழுக்க வெள்ளை. இடையில் இருந்த அத்தனை வருஷங்களும் கரும்பலகைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவில் போயின. நீங்கள் அந்த வாசலை மிதித்தது ஒரே ஒரு ஆண்டுவிழாவுக்கு. அதிலும் பேச்சு முடிவதற்குள் தூங்கிவிட்டீர்கள். அந்தப் பள்ளிச் சுவரில் உங்கள் படம், அதன் கீழே உங்கள் டிராப்பர், பக்கத்து நாற்காலியில் உங்கள் மனைவி என்று நான்.

எனக்குப் பொறாமைதான். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோதும் உங்கள் மேல் பொறாமைப்பட்டேன், இப்போதும் படுகிறேன். நஸ்ரீன் யாருடைய மாணவி? இந்த ஒரு கேள்வியை நான் உங்களிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரித்தாலும் இனி எனக்குக் கேட்காது.

*

நான் வேலூரில் கான்வென்டில் படித்தவள். நீங்கள் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பிள்ளை. தறியை விட்டுவிட்டுத் தோலைப் பற்றிப் படிக்கப் போனதற்கு உங்கள் அப்பா நெடுநாள் உங்களோடு பேசவில்லை. படித்து முடித்து ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் கெமிஸ்ட் ஆனீர்கள். அங்கே தொட்டிகளின் ஓரத்தில் நின்று நின்றே உருது கற்றுக்கொண்டீர்கள். புத்தகம் இல்லை, எழுத்து இல்லை. வேலை செய்பவர்களோடு டீ குடித்து, சண்டை போட்டு, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்து கற்றுக்கொண்டீர்கள். "இன்னா" என்று நீங்கள் ஆரம்பித்தாலே நான் "என்ன" என்று திருத்துவேன். "இன்னா டீச்சரம்மா, வூட்லயும் ஸ்கூலா?" என்பீர்கள்.

எனக்கு மொழி என்றால் அடி வாங்கிக் கற்றது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. கான்வென்டில் ஆக்ஸிஜன் என்று சொல்லக் கற்றுக்கொண்டபோது அது என் மூக்குக்குள் போய் வருகிற காற்று என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அது புத்தகத்தில் இருக்கிற ஒரு பொருள் என்று நினைத்தேன். ஆனால் சொல்லை விடவில்லை. சொல் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது, பொருள் பிறகு மெல்ல வந்து சேர்ந்தது. தமிழ்வழிப் பள்ளியில் வேலை கிடைத்ததும் அத்தனை சொற்களையும் மறுபடி தமிழில் மனப்பாடம் செய்தேன். நடுநிலையாக்கல், சவ்வூடு பரவல், ஒளிச்சேர்க்கை. என்னால் முடிந்தது என்றால் இவர்களாலும் முடியும் என்பது என் கட்சி. அந்தக் கட்சியை நான் இன்னும் முழுக்கக் கைவிடவில்லை.

எங்கள் கான்வென்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். யாராவது அரைகுறையாகப் பதில் சொன்னால் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஸ்கேலால் மேஜை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, "முழு வாக்கியம்" என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. என் வகுப்பில் யாரும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லித் தப்ப முடியாது. கண்ணாடி இறங்கும், ஸ்கேல் இரண்டு முறை தட்டும், பெண் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நஸ்ரீன் எட்டாம் வகுப்பு வரை வீட்டுக்குப் பக்கத்தில் உருதுவழியில் படித்தவள். ஒன்பதாவதுக்கு எங்கள் பள்ளிக்கு வந்தாள். கடைத்தெருத் தமிழ் அவளுக்குத் தண்ணீராக வரும். கறிகாய்க்காரரோடு பேரம் பேசினால் நான் வாய் பிளந்து நிற்பேன். ஆனால் பாடப்புத்தகத் தமிழ் வேறு. எந்தக் கடையிலும் யாரும் "வினைபுரிந்து" என்று சொல்வதில்லை. அவள் அவ்வளவையும் மனப்பாடம் செய்தாள். ஞாயிறு காலையில் நம் வீட்டுக் கூடத்தில் டியூஷனுக்கு வந்த பெண்களில் அவளுக்குத்தான் நினைவாற்றல் அதிகம். எனக்கு அவள்மேல் பெருமை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெருமைப்பட்டவள் நான்.

*

அந்த ஞாயிறு நீங்கள் கன்னத்தில் சோப்பு நுரையோடு உள் வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். நஸ்ரீன் எழுந்து நின்று சொன்னாள்: "அமிலமும் காரமும் வினைபுரிந்து உப்பையும் நீரையும் தரும் வினை நடுநிலையாக்கல் வினை எனப்படும்." ஒரு எழுத்துப் பிசகவில்லை. "வெரி குட்" என்றேன்.

"ஏம்மா," என்றீர்கள் நீங்கள், "அத நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் சார். புக்குல."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கேள்வியில் என்ன தவறு என்று அவளுக்கு விளங்கவில்லை.

"உங்கப்பா எங்க வேல செய்றாரு?"

"சுண்ணாம்புத் தொட்டில சார்."

"சாயங்காலம் வூட்டுக்கு வந்தா கைக்கு இன்னா போடுவாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். இது பாடத்தில் இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. நீங்கள் அதே கேள்வியை உருதுவில் கேட்டீர்கள். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. என் கூடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஹாத் கு இம்லி கா பானி, சார்!" இன்னும் என்னென்னவோ சொன்னாள். கையை நீட்டிக் காட்டினாள், முகத்தைச் சுளித்தாள், அப்பாவைப் போல ஊதினாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு கை இருந்தது, எல்லார் வீட்டிலும் புளி இருந்தது. நான் என் கூடத்தில், என் நாற்காலியில், ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"கைக்குப் புளித்தண்ணி போடுவாராம்," என்று எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னீர்கள். போனால் போகிறது என்று சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு கம்பெனியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் தோல் கீற்றைக் கொண்டுவந்தீர்கள். மயிர் எடுத்து, சுண்ணாம்பும் பாதி எடுத்த ஈரத் தோல். அந்த வாடையோடு அதைக் கூடத்துக்குள் விடமாட்டேன் என்றேன். அதனால் எல்லாரையும் பின்கட்டுக் குழாயடிக்குக் கூட்டிப்போனீர்கள். தினமும் சாயங்காலம் நீங்கள் வந்ததும் அதே குழாயடியில் குளித்த பிறகுதான் உங்களை உள்ளே விடுவேன். அந்த வாடையில் எனக்கு மூச்சு முட்டும். அந்தப் பெண்கள் ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் அப்பாக்களும் அதே வாடையோடுதான் வீட்டுக்கு வந்தார்கள். அதற்காகவும் எனக்கு அவர்கள்மேல் பொறாமை வந்தது.

தோலைக் கத்தியால் குறுக்கே நறுக்கி, வெட்டுவாயை அவர்களுக்குக் காட்டினீர்கள். டிராப்பரிலிருந்து ஒரு சொட்டு விட்டீர்கள். தொழிற்சாலையில் சுண்ணாம்பு போயிற்றா என்று பார்க்கிற சொட்டு அது. ஓரங்கள் இரண்டும் வெளுப்பாகவே இருந்தன. நடுவில் மட்டும் ரோஜா நிறத்தில் ஒரு கோடு எழுந்தது.

"பாத்தியா? வெளியில எல்லாம் போய்ட்ட மாதிரி இருக்குது. நடுவுல சுண்ணாம்பு இன்னும் குந்திகினு இருக்குது. இப்ப உங்கப்பா கைக்குப் போடறத இதுக்குப் போடு."

நஸ்ரீன் புளித்தண்ணீரைத் தெளித்தாள். ரோஜா நிறம் மறைந்தது. "கயா! கயா!" என்று, போயிற்று என்பதை உருதுவில் கத்திக்கொண்டு குதித்தாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் திரும்பி, கதவருகில் நின்றிருந்த என்னைப் பார்த்து, எல்லார் முன்னாலும் சொன்னீர்கள்: "ஓரத்தப் பாத்து ஏமாறக் கூடாது டீச்சரம்மா. நறுக்கி நடுவுல பாக்கணும்."

தோலைப் பற்றி மட்டும்தான் சொன்னேன் என்று பிறகு சாதித்தீர்கள். நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

*

அரையாண்டுத் தேர்வில் நடுநிலையாக்கலை விளக்குக என்று நானே கேள்வி வைத்தேன். நஸ்ரீன் இந்த முறை மனப்பாடத்தைத் தொடவில்லை. "அப்பா கை சுண்ணாம்பு. அம்மி புளி தண்ணி. எரிச்சல் போச்சு. சுண்ணாம்பும் போச்சு புளியும் போச்சு" என்று எழுதியிருந்தாள். அம்மி என்றால் அவர்கள் வீட்டில் அம்மா. நான் சுழி போட்டேன். சாப்பாட்டு மேஜையில் இருந்த விடைத்தாளை நீங்கள் எடுத்துப் படித்தீர்கள்.

"இந்தப் பொண்ணுக்குப் பூரா புரிஞ்சிருக்கே! இவ்ளோ அழகா எழுதியிருக்குது, சுழி போட்டுட்டியா?"

"வாக்கியம் எங்கே? அமிலம் என்கிற சொல் எங்கே? உப்பு எங்கே?"

"புளிதானே அமிலம்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பப்ளிக்ல ஏதோ ஒரு ஊர்ல உட்கார்ந்து திருத்தறவங்களுக்குத் தெரியணுமே. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் டிராப்பரை எடுத்துக்கிட்டுப் போய் விளக்குவீங்களா?"

நீங்கள் சாதத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டீர்கள். நான் விடவில்லை.

"பத்தாவதுல ஃபெயில் ஆனா ஷூ கம்பெனிக்கு அனுப்பிடுவேன்னு அவங்க அப்பா சொல்லியிருக்கார். அங்கே போய் நடுநிலையாக்கலைப் புரிஞ்சுக்கிட்டுப் பசை தடவட்டும்னு சொல்றீங்களா?"

ரசம் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தீர்கள். தட்டைக் கழுவி வைத்தீர்கள். "ஜாஸ்தி பேசிட்டியா, கம்மி பேசிட்டியான்னு யோசிக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனீர்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் வாதத்தில் பழுதில்லை. இன்று வேறு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். புரிந்தது மட்டும் போதாது. புரிந்ததை, அதைக் கேட்கிறவர்களின் மொழியில் நிமிர்ந்து சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் புரிந்தது அவளோடு குழாயடியிலேயே நின்றுவிடும்.

ஆனால் அதற்கு அடுத்த ஞாயிற்றிலிருந்துதான் அந்தச் சிரிப்பு ஆரம்பித்தது.

கூடத்தில் என் பாடம் முடிந்ததும் பெண்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் குழாயடிக்கு ஓடுவார்கள். நான் கூடத்திலேயே அடுத்த வாரப் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்கட்டிலிருந்து உங்கள் குரல் வரும். உருதுவில் ஏதோ நீளமாகச் சொல்வீர்கள். பெண்கள் ஏதோ சொல்வார்கள். பிறகு ஒரு நொடி மௌனம். வாளி விளிம்பில் டொக் டொக்கென்று இரண்டு தட்டு. உடனே சிரிப்பு, அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு வருகிற சிரிப்பு. அந்த உருதுக்கு நடுவில் எனக்குப் புரிகிற ஒரே சொல் மிதந்து வரும்: "டீச்சர்."

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டால், "சும்மா. பொண்ணுங்க, இன்னாத்துக்கோ சிரிக்குதுங்க" என்பீர்கள்.

எட்டிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு முறை எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அத்தனை முகமும் மாணவி முகமாகிவிட்டது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார்கள். உங்கள் முன்னால் யாரும் அப்படி நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான் பின்கட்டுப் பக்கம் போகவில்லை.

உருது கற்றுக்கொடுங்கள் என்று உங்களிடம் ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கான்வென்டில் பிறமொழியை வென்றவள், தொட்டியோரத்தில் கற்ற மொழியை உங்களிடம் கையேந்திக் கேட்பதா என்று இருந்தது. நீங்களும் வா என்று கூப்பிடவில்லை. ஆம்பூரிலேயே காலம் கழித்தேன், கடையில் விலை கேட்க "கித்னா" என்பதற்கு மேல் எனக்கு அந்த மொழி தெரியாது. உங்களுக்குள் எனக்குத் தெரியாத ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்குள் பதினான்கு பதினைந்து வயதுப் பெண்கள் எல்லாம் போய்வந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.

பத்தாவது முடிவு வந்த அன்று நான் தெருக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். நஸ்ரீன் மக்கன் பேடா பெட்டியோடு ஓடி வந்தாள். அறிவியலில்தான் அவளுக்கு மதிப்பெண் அதிகம். "டீச்சர்!" என்றாள், குனிந்து என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விட்டு நிமிர்ந்து, பெட்டியைப் பிரிக்காமல், "சார் எங்க?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். முதல் பேடா உங்கள் வாயில் போயிற்று. இரண்டாவதுதான் எனக்கு. எனக்கு இனிப்பு ஆகாது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சர்க்கரை வியாதி எதுவும் கிடையாது.

நீங்கள் போன அன்றும் அவள் வந்தாள். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து உருதுவில் ஏதோ சொல்லி அழுதாள். உங்கள் மனைவி நான். உங்களிடம் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் என்ன என்று எனக்குத் தெரியாமலே உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

*

ஆகவே நஸ்ரீன் டிராப்பரைக் கேட்டபோது நான் உடனே தரவில்லை. "முதல்ல உன் வகுப்பைப் பார்க்கணும்," என்றேன். "எப்படி நடத்தறேன்னு தெரியாம சாமான் எடுத்துக் கொடுக்க முடியாது." அவள் சிரித்தாள். "வாங்க டீச்சர். இன்ஸ்பெக்‌ஷன்னு நெனச்சிக்கறேன்."

போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். புது அறையில் இன்னும் பெயின்ட் வாசனை அடித்தது. பெரும்பாலும் உருது வீட்டுப் பெண்கள். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற சில தெலுங்கு வீட்டுப் பெண்களும் உண்டு. என்ன பாடம் என்று நினைக்கிறீர்கள்? அதேதான். யாரோ ஒரு பெண் அப்பாவிடம் சொல்லித் தோல் கீற்று கொண்டுவந்திருந்தாள். அதே வாடை. நான் கைக்குட்டையை எடுக்கவில்லை.

நஸ்ரீன் நறுக்கினாள். ஒரு இங்க் ஃபில்லரால் சொட்டு விட்டாள். ரோஜாக் கோடு எழுந்தது. "உங்க வூட்ல இதுக்கு இன்னா செய்வாங்க? உங்க வூட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே சொல்லுங்க," என்றாள். அஃப்ரீன் என்று ஒரு ஒல்லிப் பெண் எழுந்து உருதுவில் பொழிந்தாள். இன்னொருத்தி தெலுங்கில் குறுக்கிட்டாள். யாரும் யாரையும் நிறுத்தவில்லை. வகுப்பறையா சந்தையா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அஃப்ரீன் புளித்தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டி, "இதப் போட்டா போய்டும் மிஸ்," என்றாள்.

நஸ்ரீன் ஃபில்லரில் புளித்தண்ணீரை உறிஞ்சித் தோலுக்கு மேலே பிடித்தாள். நுனியில் சொட்டு திரண்டது. விழவில்லை. அவள் விடவில்லை. இன்னொரு கையால் தன் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். ஸ்கேலை எடுத்தாள். மேஜை விளிம்பில் டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டினாள்.

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தியது: "பூரா ஜும்லா!" தெலுங்கு வீட்டுப் பெண்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார்கள். பிறகு சிரிப்பு. எனக்கு மிக நன்றாகத் தெரிந்த அதே சிரிப்பு.

அஃப்ரீன் நேராக நின்றாள். "தோலில் உள்ள காரமும் புளியில் உள்ள அமிலமும் வினைபுரிந்து…" என்று ஆரம்பித்து நடுநிலையாக்கலில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, முடித்தாள். வாக்கியத்தில் வினைமுற்று இருந்தது. அதற்குப் பிறகுதான் சொட்டு விழுந்தது.

மணி அடித்துப் பெண்கள் வெளியே போனதும் நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் பெஞ்ச் நகர்ந்தது.

"அது என்ன? கடைசியா கத்தினாங்களே."

"பூரா ஜும்லாவா? முழு வாக்கியம்னு அர்த்தம் டீச்சர். சார் சொல்லித் தந்தது."

"கண்ணாடியை இறக்கினது? ஸ்கேல்ல தட்டினது?"

"அதுவும் சார்தான்."

"அது நான்!" என்றேன். தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என் கண்ணாடி. என் ஸ்கேல். என் வார்த்தை."

"ஐயோ, தெரியும் டீச்சர். உங்கள மாதிரிதான் சார் நடிச்சுக் காட்டுவாரு. கண்ணாடி இல்லாம வெறும் மூக்க இப்படி இறக்கி, வாளில தட்டி, 'உங்க டீச்சர் இன்னா சொல்லுவாங்க?'ன்னு உருதுல கேப்பாரு. நாங்க பூரா ஜும்லான்னு கத்துவோம். அதுக்குத்தான் சிரிப்பு."

"என்னைப் பார்த்துத்தான் சிரிச்சீங்களா எல்லாரும்?"

"சிரிச்சோம் டீச்சர்," என்றாள், கொஞ்சமும் அசராமல். "ஆனா சிரிச்சு முடிச்சதும் தமிழ்ல முழுசா சொல்லணும். சொல்லலன்னா சார் அடுத்த சொட்டு விடமாட்டாரு. கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு. 'புரிஞ்சது பத்தாது, உங்க டீச்சர ஏமாத்த முடியாது'ன்னு சொல்லுவாரு. நான் பப்ளிக்ல எழுதினதெல்லாம் அப்படிச் சொல்லிச் சொல்லி வந்தது."

ரசம் சாதம் சாப்பிட்ட அந்த இரவு நீங்கள் எதை யோசித்தீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாதத்தை என்னிடம் ஒப்புக்கொள்ளாமல் நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

நான் இன்னொன்றும் கேட்டேன். "அவர் போன அன்னிக்கு, தலைமாட்டில உட்கார்ந்து என்னவோ சொன்னியே. என்ன சொன்னே?"

அவள் இங்க் ஃபில்லரைத் துடைத்து வைத்தாள். "நான் டீச்சர் ஆனதச் சொன்னேன். அவர்கிட்ட அதுக்கு முன்ன நேர்ல சொல்ல முடியல. உங்க வேலதான் எனக்குக் கெடச்சிருக்குதுன்னு சொன்னேன், டீச்சர். டீச்சரோட வேலை."

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன். எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை.

*

இதனால் என் பொறாமை போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். கூடியிருக்கிறது. கூடத்தில் என் முழு வாக்கியத்தைக் கேட்டவர்கள் பயந்தார்கள். அதையே நீங்கள் குழாயடியில் சொன்னபோது சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கற்றார்கள். என் சொல்லை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் வீட்டு மொழியில் ஊறப்போட்டிருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். வாசலில் நிற்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டுக்குள் வாரம் தவறாமல் என்னைக் கூட்டிப்போயிருக்கிறீர்கள், எனக்குத் தெரியாமல். நான் அங்கே எப்படி இருந்தேன் என்று நானே பார்க்கவில்லை. மூக்கை இறக்கி நீங்கள் நடித்ததை ஒரு முறையாவது எனக்கு நடித்துக் காட்டியிருக்கலாம். கோபப்பட்டிருப்பேன். பரவாயில்லை, கோபப்பட்டிருப்பேன்.

டிராப்பரைத் தரமாட்டேன் என்று நஸ்ரீனிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடியது. "கண்ணாடிப் பெட்டில வைக்கிற சாமான் இல்லை இது. வேணும்னா சார் சவரப் பெட்டியை எடுத்துக்கோ," என்றேன். "டிராப்பர் வேணும்னா என்னோடதான் வரும். நான் வர்ற அன்னைக்கு." மேடையில் என்னை எப்படி அறிமுகம் செய்வது என்றும் சொல்லிக் கொடுத்தேன். இந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியையாக இருந்தவர், டிராப்பர் வைத்திருந்தவர் இவருடைய கணவர். அந்த வரிசையில். நஸ்ரீன் மூக்குக்கண்ணாடியை இறக்கி, "முழு வாக்கியமா சொல்லிடறேன் டீச்சர்," என்றாள். துடுக்கு. உங்களிடம் படித்ததுதான் அது.

மருந்துக்கடையில் காதுக்கு விடுகிற சொட்டு மருந்து ஒன்று வாங்கி, அதன் ரப்பரைக் கழற்றி உங்கள் குழாயில் மாட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது வியாழக்கிழமைகளில் நஸ்ரீனின் வகுப்புக்குப் போகிறேன்; அது என் கைப்பையில், கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் முதல் முறையாக நானே தோலுக்கு மேல் பிடித்தேன். அஃப்ரீன் வழக்கம்போல "போய்டும் மிஸ்" என்றாள். நான் கண்ணாடியை இறக்கினேன், ஸ்கேலால் தட்டினேன். பிறகு, கடையில் கேட்ட "கித்னா"வைத் தாண்டி அந்த மொழியில் என் வாய் முதன்முதலாகச் சொன்ன பேச்சாக, "பூரா ஜும்லா" என்றேன். உச்சரிப்பு சரியில்லை போலிருக்கிறது. வகுப்பு வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை என் முகத்துக்கு நேராகக் கேட்டேன். யாரும் துப்பட்டாவைச் சரிசெய்யவில்லை.

கடைசி வருஷங்களில் உங்கள் கை நடுங்கும். சொட்டு முன்னதாகவே விழுந்துவிடும், நீங்களும் விட்டுக்கொடுத்துவிடுவீர்கள் என்று உங்களிடம் பின்னால் படித்த பெண்கள் நஸ்ரீனிடம் சொல்லியிருக்கிறார்கள். என் கை நடுங்குவதில்லை. அஃப்ரீன் முதலிலிருந்து தொடங்கினாள். அவள் முடிக்கும்வரை சொட்டு குழாய் நுனியில், அந்த உடைசலில், அப்படியே நின்றது.